மழையும் மனிதனும்: சென்னை ராஜதானியில் எழுந்த ஒரு விவாதம்

1847-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் லெடன்ஹால் வீதியில் வீற்றிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்கள், வரிவசூலையும் படைச்செலவையும் பற்றியே இடைவிடாது எழுதிவந்த தங்கள் கடிதப் போக்குவரத்தின் நடுவே, இந்தியாவிலிருந்த தங்கள் அதிகாரிகளிடம் ஒரு சாஸ்திரக் கேள்வியை எழுப்பினார்கள். ஒரு நாட்டில் மரங்கள் அடர்ந்திருப்பதும் அவை அழிக்கப்படுவதும் அந்நாட்டின் சீதோஷ்ண நிலையையும் நிலத்தின் விளைவையும் எவ்வளவு தூரம் மாற்றுகின்றன என்பது குறித்து, அநுபவத்தில் கண்ட செய்திகளைத் திரட்டி அனுப்புமாறு அவர்கள் கேட்டார்கள். மனிதன் தன் கைச்செயலால் ஆகாயத்தின் போக்கை மாற்றக்கூடுமா என்னும் விவாதம் நம் தலைமுறையில்தான் தோன்றியது என்று எண்ணியிருப்போருக்கு இக்கடிதம் வியப்பளிக்கலாம். அதற்குச் சென்னை ராஜதானியில் எழுந்த விடைகளும், அவ்விடைகளின்மேல் எழுந்த மறுப்புகளும், அவற்றின் பெயரால் இயற்றப்பட்ட சட்டங்களும் சேர்ந்த விருத்தாந்தம் இன்று ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. அது மறக்கத்தக்கதன்று என்பது என் துணிபு. ஏனெனில், மனிதன் என்று பொதுப்படச் சொல்லிவிட்டு அவ்விடத்தில் எந்த மனிதனைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதே இத்தகைய விவாதங்களின் பயனை நிர்ணயிக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு சரித்திரத்தை நான் அறியேன்.

மழைக்கும் மனிதனுக்கும் சம்பந்தம் உண்டு என்பது நம்மவர்க்குப் புதிய கருத்தன்று. அரசன் கோல் கோடினால் மழை பொய்க்கும், தர்மம் தழைத்தால் மாதம் மும்மாரி பெய்யும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தவர்கள் நாம். அந்நம்பிக்கையில் காரணமாக நின்றது ஒழுக்கம். மேலைநாட்டாரின் சிந்தனையில் அந்த ஸ்தானத்தைப் பிடித்தது கோடரி. சதுப்பு வற்றிக் காடு வெட்டப்பட்ட பிலிப்பி நகரப் பக்கத்தில் காற்றின் தன்மையே மாறிப்போனதாகக் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே தியோபிராஸ்டஸ் என்னும் கிரேக்க ஞானி எழுதிவைத்தார். மதேரா, அஸோர்ஸ் தீவுகளில் மரங்கள் அழிந்த பின் மழை குறைந்ததைக் கொலம்பஸ் அறிந்திருந்ததாக அவருடைய குமாரர் எழுதியிருக்கிறார். ஆனால் இவ்வெண்ணம் ஏட்டிலிருந்து இறங்கி ராஜாங்கச் சட்டமாக உருக்கொண்டது பதினெட்டாம் நூற்றாண்டில், அதுவும் தீவுகளில்தான். ஒரு பெரிய கண்டத்தில் காடு அழிவதைக் காண மூன்று தலைமுறை வேண்டும். கரும்புத் தோட்டத்துக்காக ஒரு சிறு தீவை மொட்டையடிக்கும்போதோ, ஊற்றுகள் வற்றுவதையும் மண் கடலில் கரைவதையும் ஒரே மனிதன் தன் ஆயுளுக்குள்ளேயே கண்ணாரக் கண்டுவிடுகிறான். மொரீஷியஸில் பிரெஞ்சு நிர்வாகியாயிருந்த பியேர் புவாவ்ர் 1769-இல் காட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்; டொபேகோ தீவின் மலைமுகட்டுக் காடு 1776-இல் மழையைக் காக்கும் பொருட்டு வெட்டாமல் ஒதுக்கப்பட்டது; செயின்ட் வின்சென்ட் தீவில் 1791-இல் அதே நோக்கத்தோடு ஒரு குன்றின் காட்டைக் காக்கும் சட்டம் பிறந்தது. பின்னர் ஹம்போல்ட் 1800-இல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி சுருங்கியிருப்பதைக் கண்டு, சுற்றிலும் மரங்களை வெட்டியதே காரணம் என்று எழுதினார். கால் நூற்றாண்டுக்குள் அதே கரைக்குப் போன பூசிங்கோ என்னும் ரஸாயன சாஸ்திரி, விடுதலைப் போரில் பயிர்நிலங்கள் பாழாகிக் காடு மீண்டும் படர்ந்திருந்ததையும், ஏரியின் நீர் திரும்ப உயர்ந்திருந்ததையும் கண்டு, ஹம்போல்ட்டின் கூற்றுக்கு அதை நிரூபணமாகக் காட்டினார்.

இவற்றையெல்லாம் படித்துத் தேர்ந்த ஒருவர் சென்னையில் இருந்தார். எட்வர்டு கிரீன் பால்பர் என்பது அவர் பெயர். படைக்கு வைத்தியராக வந்தவர். சென்னை அரும்பொருட்காட்சிசாலையையும் அதையொட்டி விலங்குக் காட்சிசாலையையும் நிறுவியவர், இந்தியாவைப் பற்றிப் பெரிய கலைக்களஞ்சியம் தொகுத்தவர் என்றால் நம்மவர் சிலருக்கேனும் நினைவுக்கு வரும். இந்தியாவுக்கு வரும் வழியில் மொரீஷியஸில் தங்கிய அவர், அங்கே காடழிந்த நிலத்தின் நிலைமையை நேரில் கண்டவர். கம்பெனியாரின் கேள்விக்கு விடையாகத் திரண்ட எழுத்துக்களில் தலைமையானது, மழையை வரவழைப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் மரங்களுக்குள்ள பங்கைப் பற்றி அவர் எழுதி, 1849-இல் சென்னை இலக்கிய சாஸ்திர சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரை. இலைகள் நீராவியை வெளிவிடுகின்றன, நிழல் பூமியைக் குளிர்விக்கிறது, சருகும் வேரும் பெய்த நீரைப் பிடித்துவைத்து ஊற்றாக நெடுநாள் கசியவிடுகின்றன, ஆகையால் காடு போனால் மழையும் நீரும் போகும், நீர் போனால் பஞ்சம் வரும் என்பது அக்கட்டுரையின் காரணகாரியத் தொடர். நோயாளியின் நாடியைப் பார்த்துப் பழகிய அவர், நீரும் நிழலும் சோறும் மனித தேகத்துக்கு எவ்வளவு இன்றியமையாதன என்பதை உணர்ந்தே எழுதினார் என்பது என் எண்ணம்.

பால்பரைப்போலவே வைத்தியராகவும் தாவர சாஸ்திரியாகவும் இருந்தவர் ஹியூ கிளெக்ஹார்ன். சென்னையிலேயே 1820-இல் பிறந்து, ஸ்காட்லாந்தில் படித்து, மைசூர் நாட்டில் உத்தியோகம் பார்த்தவர். பிரிட்டிஷ் சாஸ்திர சங்கம் 1850-இல் எடின்பரோவில் கூடியபோது, உஷ்ணமண்டலத்துக் காடுகளின் அழிவால் விளையும் பலன்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கையை மறு ஆண்டு சமர்ப்பித்தவர் அவரே. 1856-இல் சென்னை ராஜதானியின் முதல் வனப் பாதுகாவலராக அவர் நியமனம் பெற்றார். அதே ஆண்டு ஜூலை முதல் தேதியன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது என்பதை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். ஏனெனில், காட்டைக் காக்கும் இலாகாவும் காட்டைத் தின்னும் இயந்திரமும் ஒரே ஆண்டில் இந்நாட்டில் கால்வைத்தன. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்து சில ஆண்டுகளிலேயே மக்கிப்போகும் கட்டைகளை மாற்றிக்கொண்டே இருக்க மரம் வேண்டும். நிலக்கரி எளிதில் கிட்டாத தென்னாட்டில் எஞ்சினுக்கு இடவும் விறகே வேண்டும். வயநாட்டிலும் குடகிலும் நீலகிரிச் சரிவுகளிலும் காப்பித் தோட்டங்களுக்காகச் சோலைகள் சாய்ந்துகொண்டிருந்தன. நீலகிரிக்குச் சின்கோனா பயிரைக் கொண்டுவந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம், மேற்குத்தொடர்ச்சி மலையின் காடுகளைக் காப்பித் தோட்டக்காரர் அழிப்பதால் நதிகளின் நீர்வளம் என்னவாகும் என்று 1866-இல் லண்டன் பூகோள சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். கிளெக்ஹார்னும் ரயில் கட்டைகளின் தேவையைக் கண்டு கலங்கியவர்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ராஜாங்கத்தின் கை முதலில் நீண்டது வேறொருவனை நோக்கி. மலைச்சரிவில் சிறிது காட்டை வெட்டிச் சுட்டு, சாம்பலில் தினையும் ராகியும் விதைத்து, இரண்டொரு போகம் எடுத்தபின் அதைக் காடாக விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போகும் வழக்கம், குமரி என்றும் புனம் என்றும் பல பெயர்களால் மலைவாசிகளிடையே தொன்றுதொட்டு இருந்துவந்தது. தினைப்புனத்தைக் கவிகள் பாடக் கேட்டு நாம் வளர்ந்திருக்கிறோம். அந்தப் புனம் இப்போது மழையைக் கெடுக்கும் குற்றமாயிற்று. 1860-இல் சென்னை ராஜதானியின் சர்க்கார் காடுகளில் முன்அனுமதியின்றிக் குமரி செய்வது தடுக்கப்பட்டது. காப்பித் தோட்டங்களுக்கு மலைநிலம் வழங்குவதோ நிற்கவில்லை. குமரியால் காட்டுக்குச் சேதமே இல்லை என்று நான் வாதிக்க வரவில்லை. ஜனத்தொகை நெருங்கி, நிலம் ஆறுமுன் அதே சரிவுக்குத் திரும்பிய இடங்களில் அது மண்ணைக் கெடுத்திருக்கவும் கூடும். ஆயினும், பத்து மைல் சோலையைச் சாய்த்தவனுக்குப் பட்டாவும், பத்துச் சென்டுப் புதரைச் சுட்டவனுக்குத் தண்டனையும் கிடைத்த ஒரு நியாயத்தை, சாஸ்திரத்தின் பெயரால் நடந்தது என்பதற்காகச் சாஸ்திரம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இவ்விடத்தில் சென்னை ரெவின்யூ போர்டாரை மரியாதையோடு நினைவுகூரவேண்டும். ஏதேனும் ஒரு கிராமத்தின் எல்லைக்குட்படாத காடே இந்த ராஜதானியில் அரிது என்றும், சர்க்கார் தன் சொத்தென்று உரிமை பாராட்டிய காடு எதையும் தங்களால் காணமுடியவில்லை என்றும் 1871-இல் அவர்கள் எழுதினார்கள். இந்திய சர்க்கார் 1878-இல் இயற்றிய வனச்சட்டம் இந்த எதிர்ப்பினால் உடனே இங்கே அமலுக்கு வரவில்லை. ஆனால் எதிர்ப்பு நீடிக்கவில்லை. 1882-இல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. அதன் பின் ரிசர்வ் காட்டுக்குள் கால்வைத்த மாடு பவுண்டில் அடைபட்டது. மேய்ச்சலுக்குக் கட்டணம், வயலுக்கிடும் தழைக்குக் கட்டணம், அடுப்புக்கு ஒடித்த சுள்ளிக்கு அபராதம், இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பாரஸ்ட் கார்டின் கையை நிரப்பவேண்டிய கட்டாயம் என்று குடியானவனின் பாடு பெரிதாயிற்று. 1913-இல் அறிக்கை அளித்த சென்னை வனக்குழுவின் முன் ரயத்துக்கள் முறையிட்டதும் இவற்றையே. 1921-22-இல் ராஜதானியின் தெலுங்குப் பகுதியாகிய பல்நாட்டில் வெடித்த வன சத்தியாக்கிரகத்தின் அடியில் கனன்றதும் இதுவே.

சட்டம் பிறப்பதற்கு முன் நேர்ந்த பெருந்துயரத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்ட அந்தப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை தக்காணத்தையும் தென்னாட்டையும் சூறையாடி, ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மழை ஏன் பொய்த்தது என்னும் கேள்வி அப்போது எல்லார் நாவிலும் இருந்தது. அதற்கு மூன்று விதமான விடைகள் கிளம்பின. பால்பர் தம் பழைய கருத்தை விரித்து மீண்டும் எழுதினார்: காடு போயிற்று, மழை போயிற்று. இரண்டாவது விடை ஆகாயத்தைச் சுட்டியது. இந்திய சர்க்காரின் புள்ளிவிவர அதிகாரியான வில்லியம் ஹண்டர், 1813 முதல் சென்னையில் குறிக்கப்பட்டிருந்த மழைக் கணக்குகளை எடுத்து, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் பதினோராண்டுக்கு ஒருமுறை குறையும்போது சென்னையின் மழையும் குறைகிறது என்று 1877-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார்; லாக்கியர் என்னும் வான சாஸ்திரியோடு சேர்ந்து அதை லண்டன் பத்திரிகையிலும் பரப்பினார். சூரியன் செய்ததற்கு மனிதன் என்ன செய்வான் என்று இன்றைக்கும் ஒலிக்கும் வாதம் நம்முடைய பஞ்சத்தின்மேல் அன்றைக்கே ஒரு முறை ஒலித்துப்போயிற்று. மூன்றாவது விடையைச் சொன்னவர்கள் வில்லியம் டிக்பி போன்ற பத்திரிகாசிரியர்களும், பின்னர் தாதாபாய் நௌரோஜி, ரமேஷ் சந்திர தத்தர் முதலிய தேசபக்தர்களும். மழை பொய்ப்பது இயற்கை. ஆனால் வரிச்சுமையால் சேமிப்பு ஒழிந்திருந்ததும், பட்டினி நடுவே தானியம் துறைமுகத்துக்குப் போனதும், நிவாரண வேலை செய்த கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமே போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் அளவிட்டதும் இயற்கையன்று என்றார்கள் அவர்கள்.

இன்று நாம் அறிந்தது இது: அந்த ஆண்டுகளில் பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ என்னும் வெப்பப் பெயர்ச்சி மிக உக்கிரமாக இருந்தது, பருவக்காற்று பொய்த்ததற்கு அதுவே தலையாய காரணம். ஆகவே மழையைப் பற்றிய வரையில் காட்டை வெட்டிய மலைவாசி நிரபராதி; சாவைப் பற்றிய வரையில் மூன்றாவது கட்சியார் சொன்னதே சத்தியம்.

காடு மழையைத் தருகிறதா என்பதை அளந்து பார்க்கத் துணிந்தவர்கள் பிற்பாடு வந்தார்கள். இந்திய வானிலை இலாகாவின் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு, மத்திய மாகாணங்களில் காட்டைச் சுடுவது தடுக்கப்பட்ட பகுதிகளின் மழையளவைச் சுற்றுப்பகுதிகளோடு ஒப்பிட்டு, சிறிது ஏற்றம் இருப்பதாக 1887-இல் அடக்கத்தோடு எழுதினார். கணித மேதையான சர் கில்பர்ட் வாக்கர், அவ்விலாகாவின் தலைமையில் இருந்தபோது, இந்தியாவின் சீதோஷ்ணம் மாறிவிட்டதாகச் சொல்லப்படும் கூற்றுக்களையெல்லாம் பரிசோதித்து, மழை நிரந்தரமாகக் குன்றிவிட்டது என்பதற்குப் பதிவுகளில் போதிய ஆதாரமில்லை என்று 1910-இல் முடிவு சொன்னார். அந்தச் சந்தேகத்தை நான் போற்றுகிறேன். எவருக்கும் லாபம் தராத சந்தேகம் அது. எண்களைக் கேட்ட சந்தேகம். எண்கள் வந்தால் இணங்கத் தயாராயிருந்த சந்தேகம். தொலைதூரக் கடல்களின் காற்றழுத்தத்தோடு நம் பருவமழையைப் பிணைக்கும் தெற்கு அலைவு என்னும் பெருங்கண்டுபிடிப்பு, மழை பொய்ப்பதன் காரணத்தைத் தேடிய வாக்கரின் அந்த உழைப்பிலிருந்தே பிறந்தது.

காட்டுக் கட்சியாரின் வாதம் முழுவதும் பொய்த்துவிட்டதென்று எண்ணலாகாது. பெய்த நீர் நிலத்தில் தங்குவதும் ஓடை வற்றாதிருப்பதும் சோலையால்தான் என்று பால்பர் சொன்னதை, கோடையில் நீலகிரி ஓடை ஒன்றின் ஓரம் நின்றவர் மறுக்கமாட்டார். அமேசான் போன்ற பெருவனங்கள் தாம் உண்ட நீரை மீண்டும் ஆவியாக்கி உள்நாட்டுக்கு மழையாக அனுப்புகின்றன என்பதும் இன்று ஸ்தாபிக்கப்பட்ட உண்மை. அவர்கள் அறியாத விஷயம் ஒன்றுதான். மரத்தை எரிக்கும்போது புகையோடு போகும் கரியமில வாயு, நிலக்கரி எரியும்போதும் போகிறது. அது ஒரு மலையின் மழையை அன்று, பூமண்டலம் முழுவதன் வெப்பத்தையே மாற்றவல்லது. பால்பரும் கிளெக்ஹார்னும் உயிரோடிருந்த காலத்திலேயே, 1859-இல், லண்டனில் ஜான் டிண்டல் அவ்வாயு வெப்பக்கதிர்களைப் பிடித்துவைப்பதை ஆய்வுசாலையில் அளந்துவிட்டார். 1896-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்வான்டே அரேனியஸ், அவ்வாயு இருமடங்கானால் பூமியின் வெப்பம் ஐந்தாறு டிகிரி உயரும் என்று கையால் கணக்கிட்டார். ஆயினும் ஆகாயத்தைப் பற்றிக் கவலைப்பட்ட சென்னை அதிகாரிகளின் பார்வை புனத்தில் எழுந்த புகையில் நிலைத்திருந்ததே அன்றி, எஞ்சினின் புகைபோக்கிக்கு உயரவில்லை.

அந்தப் புகைபோக்கியைக் கணக்கில் எடுத்தவர் நீராவி எஞ்சினியர் ஒருவரே. கை ஸ்டூவர்ட் காலண்டர் என்னும் அவர், 1938 பிப்ரவரியில் லண்டன் ராயல் வானிலை சங்கத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். உலகெங்கும் 147 நிலையங்களின் வெப்பப் பதிவுகளைத் தனியொருவராகத் திரட்டி, முந்திய அரை நூற்றாண்டில் மனிதர் எரிபொருளால் பதினையாயிரம் கோடி டன் கரியமில வாயுவை விட்டிருக்கிறார்கள் என்றும், பூமி வெப்பமேறி வருகிறது என்றும், அவ்வேற்றத்தில் பெரும்பங்குக்கு அவ்வாயு காரணம் என்றும் அவர் சொன்னார். கேட்டிருந்த பெரியவர்களுள் ஒருவர் சர் ஜார்ஜ் சிம்ஸன். சிம்லாவில் வாக்கரின் இலாகாவில் பணியாற்றியவர், அப்போது பிரிட்டிஷ் வானிலை நிலையத்தின் தலைவர். வாயுவும் வெப்பமும் சேர்ந்து உயர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம் என்றும், வானிலை சாஸ்திரம் பயிலாதவர்கள் காற்றோட்டத்தின் சிக்கலை உணர்வதில்லை என்றும் அவர் கூறினார். காடும் மழையும் பற்றிய ஆதாரமற்ற கூற்றுக்களைச் சோதித்து நிராகரித்த ஓர் இலாகாவில் பயின்றவருக்கு, மனிதன் ஆகாயத்தை மாற்றினான் என்று இன்னொருவர் வந்து சொன்னபோது நம்பிக்கை பிறக்காதது இயல்பே. காலண்டர் கோபிக்கவில்லை, 1964-இல் இறக்கும்வரை எண்களைத் திரட்டிக்கொண்டே இருந்தார்.

சிம்ஸனின் சந்தேகத்துக்கு விடை கருவிகளால் வந்தது. ஹவாயியின் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு 313 பங்காக இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. மதுரையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்ரன் ராமநாதன், 1980-இல் ரோலண்டு மேடன் என்பவரோடு சேர்ந்து, வெப்பமேற்றத்தின் சுவடு 2000-ஆம் ஆண்டளவில் பதிவுகளில் பிரத்தியட்சமாகிவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதினார். முந்திய ஐம்பதாண்டு வெப்பமேற்றத்தில் பெரும்பகுதி மனிதன் விட்ட வாயுக்களால் விளைந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகளின் சீதோஷ்ணக் குழு 2001-இல் அறிவித்தது. இதற்கிடையில் வேறொரு சந்தேகமும் தலையெடுத்திருந்தது. எண்ணெய், நிலக்கரி, மோட்டார் தொழிலதிபர்கள் 1989-இல் அமெரிக்காவில் ஒரு கூட்டமைப்பை நிறுவி, எண்கள் வந்த பின்னும் எண்களே இல்லை என்பதுபோல் பொதுஜனங்களிடம் பேசிவந்தார்கள். 2002-இல்தான் அது கலைந்தது. வாக்கரின் சந்தேகத்தையும் இதையும் ஒரே பெயரால் அழைப்பது அந்த நேர்மையான மனிதருக்குச் செய்யும் அநீதியாகும்.

காரணம் மனிதன்தான் என்று ஒப்புக்கொண்டவர்களிடையேயும் பழைய கதை ஒருமுறை திரும்பி நடந்தது. 1990-இல் வாஷிங்டனிலிருந்து வந்த உலக வளங்கள் பற்றிய ஓர் அறிக்கை, நெல் வயல்களிலிருந்தும் கால்நடைகளிலிருந்தும் எழும் மீத்தேன் வாயுவையும் கூட்டி, பூமியைச் சூடேற்றும் முதல் ஐந்து தேசங்களில் இந்தியாவையும் வைத்தது. அடுத்த ஆண்டே டில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்காக நெல் விளைப்பவனையும் உல்லாசத்துக்காக எண்ணெய் எரிப்பவனையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமா என்று கேட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார்கள். இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி டன் மீத்தேனை விடுவதாக அமெரிக்க மதிப்பீடு ஒன்று சொல்லியிருந்தது. தேசிய பௌதிக ஆய்வுசாலையின் ஏ. பி. மித்ரா தலைமையில் விஞ்ஞானிகள் 1991-இல் நாட்டின் பல பாகங்களில் வயலில் இறங்கி, நாற்றுகளுக்கு இடையே கூண்டுகளைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். கிடைத்த கணக்கு சுமார் 40 லட்சம் டன்.